மாடி போர்ஷன் காலியாக இருக்கிறது

அன்புள்ள தெருக்காரர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நம் நலச்சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து இரண்டு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. போண்டா தட்டு எங்கள் வரிசைக்கு வந்த நேரம். சட்னி ஊற்றி முடிப்பதற்குள் தீர்மானம் கைதட்டலில் நிறைவேறிவிட்டது. இலங்கை அகதிகளுக்கு இந்தத் தெருவில் வீடு விடுவதில்லை. தண்ணீர் போதவில்லை, ஆஸ்பத்திரியில் கூட்டம், போலீஸ் வந்து கேள்வி கேட்கும் என்று காரணங்கள் சொன்னார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒருவர், "அவங்களாலதான் சார் வாடகை ஏறுது" என்றார். வாடகை ஏறுகிறதே என்று வீட்டுக்காரர்கள் வருத்தப்பட்டு, இந்த ஐம்பத்தேழு வயதில் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

தீர்மானம் யாரைப் பற்றியது என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாதமாக நம் தெருவில் வீடு தேடுகிற அந்தப் பையனைப் பற்றியது. கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்து, அங்கிருந்தே படித்து, இப்போது மெட்ரோ ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அம்மா, மனைவி, கைக்குழந்தை. புரோக்கரிடம் "சொந்த ஊர் கும்மிடிப்பூண்டி" என்று சொல்லி நிறுத்தியிருந்தால் என்றைக்கோ வீடு கிடைத்திருக்கும். அவர் முதல் வார்த்தையிலேயே "நாங்க இலங்கைத் தமிழர்" என்று சொல்லிவிடுகிறார். மூன்று வீட்டில் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். நாலாவதாக என் வீட்டுக்கு வந்தார். என் மாடி போர்ஷன் பொங்கலிலிருந்து காலி.

உங்களில் பாதிப் பேர் 2000க்குப் பிறகு இந்தத் தெருவுக்கு வந்தவர்கள். அதனால் அந்த மாடியின் கதை உங்களுக்குத் தெரியாது.

1984இல் அப்பா கிண்டி எஸ்டேட்டில் டர்னராக இருந்தார். பி.எஃப். கடன் போட்டு மாடி எழுப்பினார். சிமெண்ட் காய்வதற்குள் ஒரு குடும்பம் வந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தவர்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்துபோக, பக்கத்துச் சிங்களக் குடும்பம் ஒளித்து வைத்துக் காப்பாற்றியதாம். அவர் ஒரு கம்பெனியில் கணக்கர். அந்த அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு பெண் குழந்தைகள். அப்போது நம் ஊர் எப்படி இருந்தது தெரியுமா? மாநிலமே கடையடைத்திருந்த காலம். பள்ளிக்கூடப் பையன்கள் நாங்கள் ஈழத்துக்காக உண்டியல் குலுக்கினோம். எம்.ஜி.ஆர். ஆட்சி, ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் ராமாவரம் தோட்டம். ஈழத்தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் இதே சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கியதும் அந்த வருஷம்தான். தெருவில் அடிபம்பு ஒன்று. விடியற்காலை நாலு மணிக்குக் குடம் போட்டு, குடம் இல்லாவிட்டால் ஒரு செங்கல்லை வைத்து வரிசை பிடிப்போம். எங்கள் தெருப் பெண்கள் அந்த அக்காவின் குடத்தை வரிசையில் தாங்களே முன்னால் நகர்த்தி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். 1980களின் மெட்ராஸ் தண்ணீர்க் கஷ்டத்தில், சாமி, இது!

முணுமுணுப்பே இல்லை என்று சொல்லவில்லை. "ப்ளேன்ல வந்து இறங்கினவங்க அகதியா?" என்று கேட்டவர்கள் உண்டு. படகில் வந்து, மண்டபத்தில் கிழிந்த சேலையோடு இறங்கினால்தான் அகதி என்று நமக்கு ஒரு சித்திரம். மண்டபம் முகாமே ஒரு காலத்தில் இங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நோய்க்காகத் தடுத்து வைக்கக் கட்டிய இடம் என்பதை யார் நினைத்துப் பார்த்தார்கள்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் எனக்கு உறுத்தும். அவர்கள் தினசரிக் காலண்டரை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். காற்று அடித்தால் விழும். ஒரு நாள் கேட்டேன், "ஏங்க்கா, ஒரு ஆணி அடிச்சு மாட்டலாமே?" அந்த அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆணி அடிச்சா நாங்கள் போகேக்க பிடுங்க வேணும் தம்பி. சுவர் பழுதாப் போயிடும்." அடுத்த மாதம் போய்விடுவோம் என்ற நினைப்பிலேயே ஏழு வருஷம் இருந்தார்கள். ஏழு வருஷமும் அந்தச் சுவரில் ஓர் ஆணி ஏறவில்லை.

பயமே வரக் கூடாது என்று நான் உபதேசம் செய்ய வரவில்லை. பயத்துக்குக் காரணம் இருந்தது. 1982இல் பாண்டி பஜாரில் ஈழ இயக்கத் தலைவர்கள் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் நடுத்தெருவில் சுட்டுக்கொண்டார்கள். 1984 ஆகஸ்டில் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். 1986 தீபாவளி அன்று சூளைமேட்டில் இயக்கத்துக்காரர்களின் துப்பாக்கியில் உள்ளூர் ஆள் ஒருவர் உயிர் போனது. 1990 ஜூனில் கோடம்பாக்கம் ஜக்காரியா காலனியில் இன்னொரு இயக்கத் தலைவர் பத்மநாபாவையும் தோழர்களையும் கொன்றார்கள். இங்கிருந்து சைக்கிளில் போய்விடும் தூரம். நம் தெருவின் அச்சம் வானத்திலிருந்து குதித்ததல்ல. ஆனால் ஜக்காரியா காலனிச் சம்பவத்தன்று மாடியில் என்ன நடந்தது என்றும் எனக்குத் தெரியும். விளக்கை அணைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் அலமாரியை நகர்த்தி வைத்தார்கள். துப்பாக்கிக்காரர்களைக் கண்டு நம்மைவிட அதிகமாக நடுங்கியவர்கள் அவர்கள்தான். நமக்கு அவர்களும் துப்பாக்கிக்காரர்களும் ஒன்றாகத் தெரிந்தார்கள்.

பிறகு 1991 மே 21. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை.

ஒரு வாரத்தில் ஊர் மாறியது. பம்படியில் அந்த அக்காவின் குடத்தை யாரும் நகர்த்தவில்லை. ஒரு நாள் அது வரிசையை விட்டுச் சாக்கடைப் பக்கம் கிடந்தது. மளிகைக் கடையில் கடன் நோட்டை மூடினார்கள். இலங்கைக்காரர்கள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும் என்று உத்தரவு, வீட்டுக்காரர்களுக்கும் விசாரணை. அகதிப் பிள்ளைகளைப் பள்ளி, கல்லூரிகளில் சேர்க்க அரசே தடை போட்டது. அது தளரக் காலம் பிடித்தது. மூத்த பெண் பத்தாவது நல்ல மார்க்கில் தேறியிருந்தாள். பதினொன்றாம் வகுப்புக்கு அவள் அம்மாவோடு பள்ளிக்கூடம் போய், விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்ததை மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தேன்.

அப்பா கெட்டவரல்ல. பயந்தார். "காலி பண்ணச் சொல்லு" என்றார். படியேறிப் போய்ச் சொன்னது நான். இருபத்து மூன்று வயது. ஏதேதோ சுற்றி வளைத்துப் பேசினேன். அந்த அக்கா முழுதும் கேட்டுவிட்டு, "ஓம் தம்பி, விளங்குது. ஒரு கிழமை காணும்" என்றார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். ஆறாவது நாள் வீட்டைக் கழுவிவிட்டுச் சாவியைத் தந்தார்கள். முன்பணத்தில் வெள்ளையடிக்க என்று நானூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டோம். ஓர் ஆணி அடிக்காத சுவருக்கு.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், கூட்டத்தில் சொன்ன காரணங்களை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். 1984இலும் ஒரே பம்புதான், 1991இலும் அதே பம்புதான். அந்தக் குடும்பத்தில் ஒரு தலை கூடவில்லை. தண்ணீரின் அளவு மாறவில்லை, மாறியது நாம். வெறுப்பு குழாயடியிலிருந்து வந்ததென்று நினைக்கிறோம். அது பத்திரிகையிலிருந்தும் ரேடியோவிலிருந்தும் வந்து, அப்புறம் குழாயடியில் போய்க் காரணம் தேடிக்கொண்டது. இவ்வளவுதான் நான் அன்றைக்கு எழுந்து சொல்ல நினைத்தது.

சரி, தண்ணீருக்கே வருவோம். ஈக்காட்டுத்தாங்கல் என்ற நம் ஊர்ப் பெயரிலேயே தாங்கல் இருக்கிறது. தாங்கல் என்றால் சிற்றேரி. அந்தத் தாங்கலைத் தூர்த்து யார் மனை போட்டது? வெள்ளவத்தைக்காரரா? ஏரி போய் இப்போது மிச்சமிருப்பது மனத்தாங்கல் மட்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் அடி தெரிய வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்த வருஷம் நம் தெருவில் ஒரு இலங்கைக் குடும்பம்கூட இல்லை. என் வீட்டு போர் அந்த வருஷம் காற்றைத்தான் கக்கியது. இரண்டு வீடு தள்ளி ஒரு மகளிர் விடுதி இருக்கிறது. நாற்பது பேர், நாளைக்கு இரண்டு லாரி. அவர்களும் வெளியூர்தான். அந்த விடுதியை நடத்துபவர் நம் சங்கத்தில் என்ன பொறுப்பில் இருக்கிறார் என்று எழுத மாட்டேன். அவர் கொடுத்த போண்டாவைத் தின்றிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக் கூட்டம் உண்மை. கே.கே. நகரிலும் ராயப்பேட்டையிலும் டோக்கன் வாங்க ஏழு மணிக்குப் போய் நின்றவன் நான். ஆனால் நமக்குத் தெரிய வேண்டிய எண்கள் சில உண்டு. 1983இலிருந்து இந்த மாநிலத்துக்கு வந்த ஈழத்தமிழர்கள் மொத்தம் மூன்று லட்சத்துச் சொச்சம். பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள், அல்லது கனடா, லண்டன் என்று போய்விட்டார்கள். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின் சொன்ன கணக்குப்படி முகாம்களில் 58,822 பேர். வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழ்பவர்கள் 34,087 பேர். கூட்டினால் 92,909. ஏழு கோடிக்கு மேல் இருக்கிற மாநிலத்தில் ஆயிரம் பேருக்கு ஒன்றேகால் பேர். டோக்கன் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நூற்றைம்பது பேரில் அந்தக் கணக்குக்கு ஒரு முழு ஆள்கூடத் தேறாது.

இதிலும் நாம் குழப்பிக்கொள்வது ஒன்று. முகாமில் இருப்பவர்களுக்குத்தான் மாத உதவித்தொகை. 2021 அறிவிப்பில் குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக்கினார்கள். வெளியே வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்தப் பணம் கிடையாது. சம்பாதித்து, அல்லது வெளிநாட்டு உறவுக்காரர் அனுப்புகிற காசில், நாம் கேட்கிற வாடகையைக் கொடுத்து, நம் கடையில் அரிசி வாங்கித்தான் வாழ்கிறார்கள். முகாம் செலவையும் மாநிலம் முதலில் செய்து மத்திய அரசிடம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் கூட்டத்தில் பேசவில்லை. மாநகராட்சிப் பள்ளிகளில் பல வருஷமாகப் பேசப்பட்ட பிரச்சினை பிள்ளைகள் கூடியதல்ல, குறைந்தது. பிள்ளை எண்ணிக்கை விழுந்தால் ஆசிரியர் இடம் 'உபரி' என்று போய்விடும். அதனால் அந்தப் புகாருக்கு இடமில்லை.

பாரம் நிஜமாகவே தாங்க முடியாத இடங்களும் உலகத்தில் இருக்கின்றன. சிரியாப் போர் வந்தபோது லெபனானில் நாலு பேருக்கு ஓர் அகதி என்ற நிலை. அங்கே அரசுப் பள்ளிகளில் பிற்பகல் ஷிப்ட் ஒன்று தொடங்கிச் சிரியாப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். பிள்ளைகள் படித்தார்கள், கூடவே காலை ஷிப்ட் நம் பிள்ளை, மாலை ஷிப்ட் அவர்கள் பிள்ளை என்ற கோடும் விழுந்தது. உகாண்டாவில் வேறு மாதிரி. அகதிகளுக்காக வரும் உதவியில் முப்பது சதவீதம் போல உள்ளூர் மக்களுக்கும் போக வேண்டும் என்று விதி வைத்தார்கள். அகதி வந்ததால் எங்கள் ஊருக்கு ஒரு கிணறு வந்தது என்று உள்ளூர்க்காரன் சொல்ல வழி செய்கிற ஏற்பாடு அது. பணம் சரியாக வந்து சேராத வருஷங்களில் அங்கேயும் சிக்கல்தான். ஆனாலும் அந்த யோசனை எனக்குப் பிடிக்கிறது. நம் சங்கம் மெட்ரோ வாட்டர் அலுவலகத்துக்கு இன்னொரு லாரி நடை கேட்டு மனு எழுதி எத்தனை வருஷமாகிறது? தீர்மானம் போட ஒரு போண்டா நேரம் போதுமாயிருந்தது.

நான் எழுதுவது ஒருதலையாகப் போகிறதென்று உங்களில் சிலருக்குத் தோன்றும். அதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறேன். 2015 டிசம்பர் 1 ராத்திரி. செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கனஅடி திறந்தார்கள் என்று பிறகு படித்தோம். அன்றைக்கு நமக்குத் தெரிந்ததெல்லாம், அடையாறு வாசற்படி ஏறி, கட்டில் ஏறி, சுவர் கடிகாரம் வரை வந்ததுதான். நானும் மனைவியும் பிள்ளைகளும் அந்த மாடி போர்ஷனில் இரண்டு ராத்திரி கிடந்தோம். அப்புறம் படகு. அசோக் நகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டு நாள். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கை. நானூறு பேருக்கு ஆறு கழிப்பறை. நமக்கு வந்த தண்ணீர் லாரி அந்தத் தெருவுக்கு வர வேண்டிய லாரி, முகாமுக்குத் திருப்பிவிட்டார்கள். முதல் இரண்டு நாள் அந்தத் தெருப் பெண்கள் சாம்பார் சாதம், பழைய ஸ்வெட்டர், பால் பவுடர் என்று கொண்டுவந்து குவித்தார்கள். நாலாம் நாள் வரத்து குறைந்தது. ஆறாம் நாள் ஒரு அம்மா கேட் ஓரம் நின்று, வாட்ச்மேனிடம் கேட்பது போல எங்களுக்குக் கேட்கும்படி, "இவங்க எப்போ போவாங்க? புள்ளைங்களுக்கு அரையாண்டுப் பரீட்சை இல்லையா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த அம்மா சொன்னதில் தப்பில்லை. அவர் வீட்டுக் குழாயில் நாலு நாளாகத் தண்ணீர் இல்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பரீட்சையை ஜனவரிக்குத் தள்ளினார்கள். இப்படிச் சலித்துக்கொள்பவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று திட்டினால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். அவருக்கு வேண்டியிருந்தது இன்னொரு லாரி. அது கிடைத்திருந்தால் ஆறாம் நாளும் சாம்பார் சாதம் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். எங்களுக்கு எட்டு நாளில் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது, சேறு நிறைந்த வீடானாலும். கும்மிடிப்பூண்டிப் பையனின் அம்மாவுக்கு அந்த எட்டு நாள் முப்பத்தைந்து வருஷமாக நீள்கிறது.

வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை. தொண்ணூறுகளில் வளசரவாக்கம், சாலிகிராமம், விருகம்பாக்கத்தில் வாடகை எகிறியது உண்மை. ஐ.எஸ்.டி. பூத் வாசலில் ராத்திரி பதினோரு மணிக்கு, டொரன்டோவிலிருந்து போன் வரும் என்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "டாலர் வருது, ரெண்டாயிரம் கூட்டிக் கேளு" என்று புரோக்கர் நமக்குச் சொல்லிக் கொடுத்தார். கேட்டது நாம், வாங்கியதும் நாம். பக்கத்து வீட்டுக் குமாஸ்தாக் குடும்பம் அந்த வாடகை கொடுக்க முடியாமல் மாங்காடு பக்கம் போனபோது, பழியை மட்டும் இலங்கைக்காரர் தலையில் கட்டினோம்.

கூட்டத்தில் ஒருவர் கைபேசியில் செய்தி படித்துக் காட்டினார்: இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் அல்ல என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி சொன்னது. சொன்னார்தான். சட்டவிரோத நடவடிக்கைத் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்று முடித்த ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் சொன்ன வார்த்தை அது. அதே வருஷம் செப்டம்பரில் மத்திய அரசு வேறொரு ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகள் மீது, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது. அது யார் கைபேசிக்கும் வரவில்லை போலிருக்கிறது. சட்டம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை என்பது சரி. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை இல்லை. 1987 ஜூலைக்கு முன் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட 2022 ஆனது. குடியுரிமைச் சட்டப்படி, அந்த 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்த இந்தக் கும்மிடிப்பூண்டிப் பையன் பிறந்த நாட்டிலும் குடிமகனில்லை. அவர் இலங்கையைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அதைச் சரிசெய்ய வேண்டியது டெல்லி. நம் தெருவால் முடிந்தது ஒரு வீட்டைப் பூட்டி வைப்பதும் திறந்து விடுவதும்தான்.

நான் திறந்து விடுகிறேன். பேசி முடித்தாயிற்று. முன்பணம் மூன்று மாத வாடகை. 2017 வாடகைச் சட்டம் சொல்வதும் அதைத்தான், நாம்தான் பத்து மாதம் கேட்டுப் பழகியிருக்கிறோம். போலீஸ் படிவத்தை நானே எழுதி நிலையத்தில் கொடுத்துவிட்டேன். அங்கிருந்த ஏட்டு இரண்டு கேள்வி கேட்டார், முத்திரை குத்தினார், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தண்ணீருக்கு என் சம்ப்பிலிருந்தே மாடிக்கு மோட்டார். தெரு லாரியில் என் வீட்டுப் பங்குக்கு மேல் ஒரு குடம்கூடக் கேட்க மாட்டேன். தீர்மானத்தை மீறியதற்காகச் சங்கத்திலிருந்து என்னை நீக்குவதென்றால் நீக்கிக்கொள்ளுங்கள். சந்தா மார்ச் வரை கட்டியிருக்கிறேன், ரசீது இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை காலை ஏழரை ஒன்பது ராகுகாலமா இல்லையா என்று அந்த அம்மா கேட்டார்கள். ஒன்பது பத்தரைதான் ராகுகாலம் என்று சொன்னேன். ஆகவே ஏழரைக்குள் பால் காய்ச்சுகிறார்கள், எட்டு மணிக்குச் சாமான் வண்டி வருகிறது. தெருமுனையில் இரண்டு பக்கமும் நிறுத்துகிற கார்களை அன்றைக்கு மட்டும் ஒரு பக்கமாக நிறுத்தினால் டாட்டா ஏஸ் உள்ளே வந்துவிடும்.

இப்படிக்கு,
ஆற்றோரம் கடைசி வீட்டுக்காரன்,
ஈக்காட்டுத்தாங்கல்